நாலாவது ரிசீவர்

மகனே, முதலில் ஸலாம். கோபம் அடுத்த வரியிலிருந்து. உன் ரூமில் இருக்கும் ஜெயராமன் லீவு முடிந்து துபாய் வழியாகத் தம்மாம் திரும்புகிறான். அவன் கையில் இந்தக் கடிதத்தையும் நான் கிண்டிய தொதல் இனிப்பையும் கொடுத்தனுப்புகிறேன். நீ இதைக் கடைசி வரி வரைக்கும் படித்து முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும், அதற்கு முன்னால் தொதல் டப்பாவைத் திறக்க விடக் கூடாது என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். ஃபோனில் சொல்ல வேண்டியதுதானே என்று கேட்பாய். போன வெள்ளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை என்னிடம் பேசிவிட்டுப் பட்டென்று வைத்தவன் நீ. அன்றிலிருந்து எங்கள் நம்பரைப் பார்த்தால் எடுப்பதே இல்லை. ஷாஹிதா வேண்டாம், நிக்காஹை நிறுத்திவிடுங்கள் என்று நீ சொன்னாயே, அதை நாங்கள் இன்னும் அவள் வீட்டில் சொல்லவில்லை. சொல்லத்தான் ஓமானில் சோஹார் வரைக்கும் போனோம். சொல்லாமல் ஏன் திரும்பி வந்தோம் என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

உன் குறை என்ன என்று எனக்கு மனப்பாடம். நிச்சயம் ஆன நாளிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்மா தொழுதுவிட்டு வந்து, சாப்பிடக்கூட உட்காராமல், ஃபோன் கார்டைச் சுரண்டி நீ அவளைக் கூப்பிடுகிறாய். அவள் "ம்" என்கிறாள். "சரி" என்கிறாள். ரொம்பப் பிரியம் பொங்கினால் "அப்புறம்?" என்கிறாள். அதுவும் கிணற்றுக்குள் இறங்கி நின்று பேசுகிற மாதிரி கேட்கிறது. பிடிக்காத பெண்ணைக் கட்டாயப்படுத்திக் கட்டி வைக்கப் பார்க்கிறீர்கள் என்று என்னிடம் சத்தம் போட்டாய். எனக்கும் அவள்மேல் ஆத்திரம்தான். என் பிள்ளையிடம் நாலு வார்த்தை பேசினால் அந்த மகாராணிக்கு வாய் சுளுக்கிக்கொள்ளுமா என்று இங்கே துபாயில் கராமா முழுக்கக் கேட்கும்படி பாத்திரம் கழுவினேன். உன் வாப்பா மட்டும் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "புள்ள பேசலையா, இல்ல இவனுக்குக் கேக்கலையா? ரெண்டும் வேற வேற" என்றார். நான் அவரையும் சேர்த்துத் திட்டினேன். ஏனென்றால் அவர் அப்படிப் பேச ஆரம்பித்தால் அடுத்து அந்தப் பெட்டி வெளியே வரும் என்று எனக்குத் தெரியும்.

அந்தப் பெட்டியை உனக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை, அது உனக்கு மூத்தது. நீ பிறப்பதற்கு முன்னால் ஷார்ஜாவில் பழைய சாமான் கடையில் எனக்குத் தையல் மெஷின் பார்க்கப் போனவர் அதை வாங்கிக்கொண்டு வந்தார். தேக்குப் பெட்டி, மேலே வரிசையாகப் பித்தளைக் குமிழ்கள், நடுவில் ஒரு முள். மண்ணுக்கடியில் போகும் கேபிளில் எங்கே பழுது என்று கண்டுபிடிக்கிற அவர் டூட்டிக்குக் கம்பெனி புது மெஷின் கொடுத்திருந்தது. இருந்தாலும் வீட்டுக்கு என்று ஒன்று வேண்டுமாம். மின்சாரம் போகிற வழியில் எவ்வளவு தடை இருக்கிறது என்று அது அளக்கும். தெரியாத தடை ஒரு பக்கம், தெரிந்த தடை மறுபக்கம், தராசு பிடிக்கிற மாதிரிக் குமிழ்களை எடுத்து எடுத்துச் செருக வேண்டும், முள் நடுவில் அசையாமல் நின்றால் இரண்டும் சமம். புதுசாகக் கல்யாணமாகி வந்தவளுக்கு முதல் வாரம் கிடைத்த பாடம் இதுதான். உப்புப் போட்ட தண்ணீரை அளந்தார், போடாத தண்ணீரை அளந்தார், சால்னாவிலிருந்து முருங்கைக்காயை எடுத்து இரண்டு முனையிலும் கம்பி குத்தி அளந்தார். உனக்குக் காய்ச்சல் வந்தபோது உன் இரண்டு விரலையும் பிடித்து அளந்துவிட்டு, தடை குறைந்திருக்கிறது, வியர்க்கிறது, காய்ச்சல் இறங்குகிறது என்று சொன்னார். இறங்கித்தான் இருந்தது. அதற்காக நான் அவரை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே.

ஓமானில் முசந்தத்துக்குப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? உனக்கு வாந்தி எடுத்ததுதான் ஞாபகம் இருக்கும். பெருநாள் லீவுக்கு மற்றவர்கள் எல்லாம் பிள்ளைகளைப் பார்க்குக்கும் கடைகளுக்கும் கூட்டிப்போக, உன் வாப்பா நம்மை கசப் துறைமுகம் வரைக்கும் இழுத்துப்போய், படகில் ஏற்றி, மொட்டை மலைகளுக்கு நடுவே ஒரு பாறையைக் காட்டினார். தந்தித் தீவு. கராச்சியிலிருந்து கடலுக்கடியில் கம்பி போட்டு வெள்ளைக்காரன் அங்கே ஒரு தந்தி ஆபீஸ் வைத்திருந்தானாம். இடிந்த சுவரைத் தவிர ஒன்றும் இல்லை. படகின் ஒரு பக்கம் டால்பின்கள் துள்ளுகின்றன, படகிலிருந்த அத்தனை பேரும் அந்தப் பக்கம் ஓடுகிறார்கள். உன் வாப்பா அவற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பாறையைப் பார்த்து, கண் கலங்கி நிற்கிறார். அந்த வெயிலில், பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாமல் அந்தப் பாறையில் உட்கார்ந்திருந்தவர்கள், கம்பி திடீரென்று ஊமையாகிவிட்டால் என்ன செய்வார்கள் தெரியுமா என்று கேட்டார். நீ வாந்தி எடுத்தாய். அவர் விடாமல் பதிலைச் சொன்னார். அவர்கள் உடனே கப்பலைக் கிளப்பிக்கொண்டு போய்க் கடலைத் துழாவ மாட்டார்களாம். கரையில் உட்கார்ந்தபடியே கம்பியின் தடையை அளப்பார்களாம். ஒரு மைல் கம்பிக்கு இவ்வளவு தடை என்று முன்பே தெரியும், அதை வைத்துக் கணக்குப் போட்டால் பழுது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று வந்துவிடும். அளந்த பிறகுதான் கப்பல். நீ அளக்கவே இல்லை மகனே. கம்பி ஊமை என்றதும் கம்பியே வேண்டாம் என்று எழுந்துவிட்டாய்.

எனக்கும் உதாரணம் சொல்கிற வியாதி ஒட்டிக்கொண்டது. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தால் ஒட்டாமல் என்ன செய்யும்? ஆனாலும் அந்தப் பெட்டி பொய்யும் சொல்லும் என்பதற்கு நானே சாட்சி. நீ ஸ்கூலில் எக்ஸிபிஷனுக்குத் தந்தி மாடல் கேட்டாய். பிஸ்கட் டின் தகட்டில் தட்டுகிற சாவி, ஆணியில் செம்புக் கம்பி சுற்றி ஒரு காந்தம், அது இழுக்க இன்னொரு தகடு. எக்ஸிபிஷன் முடிந்த பிறகும் அதைக் கழற்ற மனமில்லாமல், ஹாலிலிருந்து அடுப்படி வரைக்கும் கம்பி இழுத்துவிட்டார். ஹாலில் தட்டினால் என் மிளகாய்ப் பொடி டப்பாவுக்குப் பக்கத்தில் டொக் டொக் என்று அடிக்கும். டீ வேண்டும் என்பதைப் புள்ளியும் கோடுமாகத் தட்டுவார். நான் டீ போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்து முடிக்கிறவரை அந்தச் செய்தி வந்துகொண்டே இருக்கும். அந்தச் சமயத்தில் என் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போக லீவு கேட்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கேட்காமல் மறந்துபோனார். நான் பேச்சை நிறுத்தினேன். அடுப்படிப் பக்கம் இருந்த பாட்டரியின் ஒரு கம்பியையும் கழற்றிவிட்டேன். டொக் டொக் நின்றது. அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, சோபாவுக்கு அடியில் படுத்து, பெட்டிக்குத் தனி பாட்டரி போடாமல், அடுப்படிப் பாட்டரியை நம்பியே கம்பியை அளந்தார். முள் நடுவில் நின்றது, அசையவே இல்லை. "கம்பியில ஒரு குறையும் இல்ல, எல்லாம் சரியா இருக்கு" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். பாட்டரி கழன்று கிடந்தால் முள் எப்படி அசையும்? சமமாக இருந்தாலும் முள் நிற்கும், உயிரே இல்லாவிட்டாலும் நிற்கும். அதை அவர் கண்டுபிடிப்பதற்குள் என் தங்கை கல்யாணம் முடிந்து மறுவீடும் போய்விட்டாள். அதிலிருந்து எந்த முள் அசையாமல் நின்றாலும் அவர் முதலில் பாட்டரியைப் பார்க்கிறார். அதற்கு அடுத்தபடி என் முகத்தைப் பார்க்கிறார்.

இனி சோஹாருக்கு வருகிறேன். கெட்ட செய்தியை ஃபோனில் சொல்வது மரியாதை இல்லை என்று நேரில் கிளம்பினோம். வழி முழுக்க, எப்படிச் சொல்ல வேண்டும் என்று வாப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே வந்தேன். அவர் எல்லாவற்றுக்கும் "ம்" என்றார். ஹத்தா பார்டரில் டிக்கியைத் திறந்தால் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. இது என்ன என்று போலீஸ்காரப் பையன் கேட்டான். இதை உன் வாப்பாவிடம் மனதாரக் கேட்ட முதல் ஆள் அவன்தான். விரலை நனைத்து ஒருமுறை, துடைத்து ஒருமுறை அவனை அளந்து காட்டுகிறார். பின்னால் கார்கள் ஹாரன் அடிக்கின்றன. கடைசியில் அவனே "கலாஸ், யல்லா", போதும் கிளம்புங்கள் என்று கெஞ்சி அனுப்பிவைத்தான்.

ஷாஹிதாவின் வாப்பாவுக்குக் கீழே கடை, மேலே வீடு. சாமான் கடை, பிளாஸ்டிக் வாளியிலிருந்து ஃபோன் கார்டு வரைக்கும் எல்லாம் தொங்கும். ஜும்மா முடிந்து வந்ததும் சாப்பாடு போட்டார்கள். நெய்ச்சோறும் கறியும் தின்றுகொண்டே இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று சொல்ல எந்த மனிதனுக்கு நாக்கு வரும்? நான் வாப்பாவை முறைத்தேன், அவர் எலும்பைப் பார்த்தார். அப்போது ஷாஹிதாவின் வாப்பாவே பேச்சை எடுத்தார். எங்கள் லைனில் சில மாதமாகச் சத்தமே இல்லை, மாப்பிள்ளை பேசுகிற அன்றைக்கு இன்னும் மோசம், வந்து பார்த்தவர்கள் ஒன்றும் இல்லை என்று போய்விட்டார்கள் என்றார். உன் வாப்பா முகத்தில் பெருநாள் பிறை தெரிந்தது. வாயால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் தப்பிக்கக் கையால் செய்ய ஒரு வேலை கிடைத்தால் அவர் விடுவாரா? மாடிப்படித் திருப்பத்தில் ஃபோன் கம்பிகள் எல்லாம் சேருகிற சின்னப் பெட்டியைத் திறந்து, காரிலிருந்த டூட்டி மீட்டரை மாட்டிக்கொண்டு, அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார்.

சரியாக நீ கூப்பிடுகிற நேரம். வேண்டாம் என்று எங்களிடம் சொன்னவனுக்கும் வெள்ளிக்கிழமை கை சும்மா இருக்கவில்லை போல. அந்த வீட்டில் நடந்ததை நான் பார்த்தபடியே சொல்கிறேன். ஹாலில் மணி அடித்தது. ஷாஹிதாவின் வாப்பாவுக்குத் திடீரென்று கடையில் ஏதோ சரக்குப் பார்க்க வேண்டியிருந்தது, பூட்டிய கடைக்கு இறங்கிப் போனார். அவள் உம்மாவுக்கு அடுப்பில் ஏதோ தீய்ந்துவிட்டது, ஒரு வாசனையும் வரவில்லை, அடுப்படிக்கு ஓடினார். ஷாஹிதா மட்டும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஹாலில் ரிசீவரை எடுத்தாள். நான் சும்மா கைகழுவத்தான் உள்ளே போனேன். படுக்கையறையில், கட்டிலுக்குப் பக்கத்தில், ரோஜா நிறத்தில் ஒரு ஃபோன் இருந்தது. மகனே, ஃபோன் அங்கே இருந்தது என் குற்றமா?

உன் வாப்பாவின் மீட்டர் முள்ளுக்கு வருவோம். வெளியிலிருந்து அந்த வீட்டுக்கு வருகிற மின்சாரம் கொஞ்சம்தான். ஒரு ரிசீவரை எடுத்தால் அது ஒரு வழியில் ஓடும், முள் ஓரிடத்தில் இறங்கி நிற்கும். இன்னொரு ரிசீவரை எடுத்தால் ஓடுவதற்கு இன்னொரு வழி, மொத்தத் தடை குறையும், முள் இன்னும் இறங்கும், சத்தமும் பங்கு போகும். அவர் பார்த்துக்கொண்டே இருக்க, முள் இறங்கியது, கொஞ்சம் நின்றது, மறுபடி இறங்கியது, மறுபடி இறங்கியது, மறுபடியும் இறங்கியது. முப்பது வருஷமாகப் பழுது கண்டுபிடித்தால் சைட்டுக்கே கேட்கும்படி சத்தமாக அறிவிக்கிற மனிதர். படிக்கட்டிலிருந்தே அறிவித்தார். "பழுது லைன்ல இல்ல. வீட்டுக்குள்ள நாலு ரிசீவர எடுத்து வச்சிருக்காங்க."

உனக்கு அந்தப் பக்கம் டக், டக், டக் என்று கேட்டிருக்குமே, அது என்ன என்று இப்போது புரிகிறதா? மேலே கீழே என்று மூன்று பேர் ஃபோனை வைத்த சத்தம். உன்னைக் கிண்டல் செய்கிறார்கள் என்று நினைத்தோ என்னவோ நீயும் வைத்துவிட்டாய். எல்லாரும் ஹாலில் வந்து கூடினோம். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஷாஹிதாவின் வாப்பா விரலை மடக்கினார். "ஹால்ல புள்ள, அடுப்படியில இவ, கடையில நான்" என்று தன்னையும் சேர்த்து எண்ணிவிட்டு, "மூணுதானே வருது? மீட்டர் தப்பா காட்டுது" என்றார். உன் வாப்பாவை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், மீட்டரைத் தப்பு என்று சொல்லக் கூடாது. நாலுதான் என்று அடித்துச் சொன்னார். மீண்டும் எண்ணினார்கள். அப்புறம் ஒவ்வொருவராக என் பக்கம் திரும்பினார்கள். என் காது சிவந்திருந்ததாக உன் வாப்பா வரும் வழியில் சொன்னார். அந்த வீட்டுக்கு மருமகனாகப் போகிறவனின் உம்மா, முதல் முறையாக அங்கே வந்தவள், பெண் வேண்டாம் என்று சொல்ல வந்தவள், அவர்கள் படுக்கையறையில் ஒட்டுக்கேட்டு மாட்டிக்கொண்டேன். முதலில் சிரித்தது ஷாஹிதாவின் உம்மாதான். சிரிப்பு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டார். அதோடு எனக்கும் வந்துவிட்டது. நாங்கள் இருவரும் சிரித்து முடித்தபோது வேண்டாம் என்ற வார்த்தையை எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை.

சிரிக்காமல் நின்றது ஷாஹிதா மட்டும். ரிசீவர் இன்னும் அவள் காதில் இருந்தது. நாங்கள் மூன்று பேரும் வைத்த பிறகு, இத்தனை மாதத்தில் முதல் தடவையாக, லைன் கணீரென்று இருந்திருக்கும். அவள் அதில், "ஹலோ, இப்ப பேசலாம்" என்றாள். நீ வைத்துவிட்டிருந்தாய். அவள் ரிசீவரை மெதுவாக வைத்தாள். அதைப் பார்த்ததும் என் சிரிப்பு நின்றுபோனது. அவள்மேல் பாத்திரத்தைப் போட்டு உருட்டினேனே என்று வெட்கமாக இருந்தது.

பிறகு அடுப்படியில் அவளோடு சேர்ந்து தட்டுக் கழுவினேன். அவளாகவே பேசினாள். "மாமி, நான் ஊமை இல்ல. எனக்கு ஃபோன்ல வாப்பா மூச்சு விடுறது கேக்கும், உம்மா வளையல் சத்தம் கேக்கும். அதுக்கு நடுவுல நான் என்னத்த பேசுறது?" என்றாள். நான் தலையாட்டினேன். அத்தோடு விடுவாள் என்று பார்த்தால், தட்டைத் துடைத்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னாள். "அவங்களும் பேசவே விட மாட்டேங்குறாங்க, மாமி. ஃபோர்மேன், மெஸ் சாப்பாடு, தம்மாம் வெயிலுன்னு கார்டு தீர்ற வரைக்கும் அவங்களே பேசுவாங்க. நான் வாயத் தொறக்குறப்ப லைன்ல ஒரு பொம்பள வந்து கார்டுல ஒரு நிமிஷம்தான் இருக்குன்னு இங்கிலீஷ்ல சொல்லுவா." நீ யார் பிள்ளை என்று எனக்குத் தெரியாதா? டீ வந்த பிறகும் டீ கேட்டுத் தட்டிக்கொண்டிருந்தவர் பிள்ளை.

ஒவ்வொரு விருந்திலும் உன் வாப்பா சொல்லும் அட்லாண்டிக் கதையை நீ பாதியிலேயே முடித்துவைப்பாய். இன்று எனக்காக ஒரு தடவை முழுசாகக் கேள். அந்தக் கடலுக்குக் குறுக்கே முதன்முதலில் நீளமாகக் கம்பி போட்டபோது, மறுகரையில் செய்தி மங்கலாகத்தான் விழுந்தது. பொறுப்பில் இருந்தவர் ஒரு டாக்டர். மெதுவாக வருகிறதே என்று பொறுக்காமல், மேலும் மேலும் பலமான மின்சாரத்தை ஏற்றித் தள்ளினார். சில வாரத்தில் கம்பி செத்தது. பிறகு வந்தவர்கள் பலத்தைக் கூட்டவில்லை, மெல்லிய அசைவையும் காட்டுகிற ஒரு குட்டிக் கண்ணாடியை வைத்து, கொஞ்ச மின்சாரத்திலேயே படித்துக்கொண்டார்கள். அவளிடமிருந்து பதில் வரவில்லை என்று நீ இன்னும் சத்தமாக, இன்னும் வேகமாகப் பேசினாயே, அப்போது உன் உள்ளேயும் அந்த டாக்டர்தான் உட்கார்ந்திருந்தார். உன் வாப்பாவிடம் கேட்டால் தன் கதை கடைசியில் ஒரு உபயோகத்துக்கு வந்ததே என்று ஆடு அறுப்பார். அதனால் அவரிடம் இதைச் சொல்லவில்லை.

கிளம்புவதற்கு முன்னால் உன் வாப்பா கடைக்கும் அடுப்படிக்கும் படுக்கையறைக்கும் போகிற கம்பிகளைக் கழற்றி, வெட்டிய துண்டுகளைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஷாஹிதாவின் உம்மா கொஞ்சம் முனகினார். அவள் வாப்பா கீழே போய், தொங்கிய ஃபோன் கார்டுகளில் ஒன்றைக் கிழித்தெடுத்து வந்து, மகளின் கையில் வைத்துவிட்டு, மறுபடி சரக்குப் பார்க்கப் போய்விட்டார். ஆனால் அவள் வீட்டிலிருந்து பேச மாட்டாளாம். அவள் டீச்சராக இருக்கிற ஸ்கூலுக்கு எதிரே கண்ணாடிக் கூண்டு வைத்த ஃபோன் இருக்கிறதாம், அங்கிருந்து பேசுவாளாம். நீ கேட்ட ஒரு கேள்விக்கு நிச்சயம் ஆன மறுவாரத்திலிருந்து அவளிடம் பதில் இருக்கிறதாம். என்ன கேள்வி என்று கேட்க என் நாக்கு துடித்தது. அவள் தட்டை அடுக்கிக்கொண்டு, தலையைக் குனிந்து, தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் கேட்கவில்லை.

ஜெயராமன் புதன்கிழமை உன்னிடம் சேருவான். மறுநாள் அசர் தொழுகைக்குப் பிறகு உன் மொபைலில் தெரியாத ஓமான் நம்பர் ஒன்று அடிக்கும். எடு. ஸலாம் சொல். அதோடு வாயை மூடு. ஃபோர்மேனைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. அவள் பேசத் தொடங்கக் கொஞ்ச நேரம் ஆகும், கூண்டுக்குள் வெயிலாக இருக்கும். அந்தச் சத்தமில்லாத நேரத்தைப் பார்த்துப் பயந்து நீ எதையாவது சொல்லி நிரப்பாதே. அவள் சொல்வதை முழுசாகக் கேட்ட பிறகும் வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால், நான் திரும்பவும் சோஹாருக்குப் போய், இந்தத் தடவை நெய்ச்சோற்றுக்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். என்ன சொன்னாள் என்று எங்களுக்குச் சொல்ல வேண்டாம். அன்றைக்கு உன்னைக் கூப்பிடவும் மாட்டேன், ஜெயராமனைத் துருவவும் மாட்டேன். அல்லாஹ் உங்கள் இருவருக்கும் நல்லதையே நாடட்டும். தொதலைத் திறக்கலாம். நான் என் ரிசீவரைக் கீழே வைத்துவிட்டேன்.

உன் உம்மா